கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர்

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பெண்மணி முதன்முறையாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நேரத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஈப்போவிலிருந்து வரும் பேருந்து மூன்று மணிக்குத் தோட்டத்து முனையில் நிற்கும். அங்கிருந்து எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குச் செம்மண் சாலையில் பத்து நிமிட நடை. பள்ளி விடுமுறையாதலால் நான் வீட்டில் இருந்தேன். கறுப்புக் குடையை ஊன்றுகோல்போல் பிடித்துக்கொண்டு, மருத்துவமனைச் சீருடையில், வெள்ளைச் சப்பாத்து முழுவதும் செம்மண்ணாக அவர் வந்து நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன்.

அம்மா நகரத்து மருத்துவமனையிலிருந்து திரும்பி அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு உயிர் இல்லை. அதை அம்மாவுக்குக் காட்டவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் மறக்க முடியாது என்பது அந்நாளில் மருத்துவமனைகளில் இருந்த எண்ணம். எங்கள் உறவினர்களின் எண்ணமும் அதுவே. அப்பா ஒரு தாளில் கையெழுத்திட்டு, அட்டைப் பெட்டியொன்றைப் பெற்றுக்கொண்டு, நண்பர் ஓட்டிய காடியில் அதை மடியில் வைத்தபடி தோட்டத்துக்கு வந்து, இடுகாட்டின் ஓரத்தில் புதைத்துவிட்டார். அம்மா திரும்புவதற்குள் அத்தை தொட்டில் கயிற்றை அவிழ்த்து, தைத்து வைத்திருந்த சிறு சட்டைகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வீடு, ஒன்றுமே நடக்காத வீடுபோல் இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான்: அது பெண் குழந்தை.

வந்தவர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளை மடித்து அவற்றுக்குள் வைத்தார். அம்மா படுத்திருந்த பாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“நான் ஆஸ்பத்திரியில அட்டெண்டனா இருக்கேன், தங்கச்சி. உன் பிள்ளையை வார்டுலேருந்து கீழ தூக்கிக்கிட்டுப் போனது நான்தான். ஏதாச்சும் கேட்கணும்னா கேளு.”

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பால் கட்டிய நோவுக்காகப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மார்பில் வைத்துக் கட்டியிருந்த மல்லிகைச் சரம் வாடி, அதன் மணம் அறை முழுவதும் கனத்திருந்தது. ஆறுதல் சொல்ல வந்த எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். இவர் ஒருவர்தான் பேசாமல் இருந்தார். கால் மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு, சுவரைப் பார்த்தபடியே அம்மா கேட்டார்.

“முடி இருந்துச்சா?”

“நெறைய. நெத்தியில அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.”

அம்மா அழுதார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் அழுதது அதுவே முதல் தடவை. அப்பா ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதை எழுதப் போவதில்லை. எங்கள் லயத்தில் அவரை ‘ஆஸ்பத்திரி அக்கா’ என்றுதான் சொன்னார்கள். நாற்பதை ஒட்டிய வயது. ஒல்லியான, நெடிய உடல். கழுத்தில் சின்னஞ்சிறு சிலுவை. அவருடைய பெற்றோர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அவர் நகரத்துக்குப் போய் வேலை தேடிக்கொண்டவர். விடுப்பு நாள்களில், சீருடையோடே, மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பெண்களின் வீடுகளைத் தேடிப் பேருந்தேறிப் போவது அவர் வழக்கம். பீடோர், ஆயர் தாவார், கமுந்திங் என்று எங்கெங்கோ போய்வந்ததாகச் சொல்வார். அவரை யாரும் அனுப்பவில்லை. எங்கள் முகவரியையும் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. வார்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தாமே எழுதிக்கொண்டார். அது சரியா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எந்த வீட்டிலும் அவர் காப்பி குடிக்கமாட்டார். “ஆயர் சூவாம் போதும்லா” என்பார். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர். அதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குவளையைத் தாமே கழுவி வைப்பார். ஏன் காப்பி வேண்டாம் என்று அம்மா கேட்டபோது, “காப்பி குடிச்சா விருந்தாளி ஆயிருவேன் தங்கச்சி. அப்புறம் நீ சிரிச்ச முகமா இருக்கணும். எதுக்கு அந்தச் சூசா, அந்தச் செரமம்?” என்றார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கணவரை இழந்தவர். நல்ல மனம், ஓயாத வாய். இரண்டாம் முறை அக்கா வந்திருந்தபோது பெரியம்மா வாசற்படியில் சாய்ந்துகொண்டு, “எதுக்குடி அழுவுற? அடுத்த தீவாளிக்குள்ள உன் கையில ஒண்ணு இருக்கும் பாரு” என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தார். “ஏங்க பெரியம்மா, உங்க வீட்டுக்காரரு போனப்போ, அடுத்த தீவாளிக்குள்ள ஒண்ணு வந்துரும்னு யாராச்சும் சொன்னாங்களா?”

பெரியம்மா “அடி சண்டாளி!” என்று சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. ஆனால் பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை வந்தார். அம்மா ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கேள்வியைச் சேர்த்து வைத்திருப்பார். விரல்கள் எப்படி? நீளம். நிறம்? உன்னைவிட ஒரு மாற்றுக் கூட. முகத்தில் வலி தெரிந்ததா? இல்லை, தூங்குகிற பிள்ளைபோல, ஆனால் புருவத்துக்கு நடுவில் ஒரு சுளிப்பு, “நீ கோவிச்சுக்கிட்டா வருமே, அதே சுளிப்பு.” அம்மா அந்தச் சுளிப்பைக் கண்ணாடியில் தேடிப் பார்த்ததை நான் கண்டேன். நவம்பர் மாதத்தில் அம்மா மறுபடியும் பால்மரம் வெட்டப் போனார், சாப்பிட்டார், என் தலையைப் பின்னிவிட்டார். இவை அந்தப் பதில்களால் நடந்தவை. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

அவர் வரும்போதெல்லாம் அப்பா எழுந்து போய்விடுவார். “அந்த அக்காவுக்கு இருக்கிற ஈரத்துல கால்வாசி உங்களுக்கு இருந்தா என்னா?” என்று அம்மா ஒருநாள் கேட்டார். அப்பா செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். “தண்ணி ஊத்து” என்றார். தீட்டுக் கல்லுக்கு.

‘தெரியாது’ என்ற சொல்லை அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய குணம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது. மழை வருமா என்று கேட்டால் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஒருமுறை அவரோடு ஈப்போ பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். கூடையில் சேவலோடு வந்த ஒரு முதியவர், ஆயர் தாவாருக்கு எங்கே ஏறுவது என்று கேட்டார். “அதோ, அந்தச் சிவப்பு பஸ்ஸு, சீக்கிரம் போங்க அண்ணே” என்று அக்கா விரலை நீட்டினார். முதியவர் ஓடிப்போய் ஏறினார். பேருந்து திரும்பியபோது அதன் நெற்றிப் பலகையில் ‘பீடோர்’ என்றிருந்தது.

“அக்கா, அது பீடோர் பஸ்.”

“அப்படியா?” சற்றே முகம் சுண்டியது. பிறகு, “போற வழியில கேட்டுக்குவாருலா. கேட்டவரை அப்படியே நிக்க வைக்கக் கூடாது” என்றார். அந்தச் சேவலையும் அதன் உடைமையாளரையும் நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன்.

பிள்ளைகள் எத்தனை என்று அம்மா கேட்டபோது ‘ரெண்டு’ என்றார். பெரியம்மா கேட்டபோது ‘மூணு’ என்றார். எதிலும் கணக்குத் தவறக் கூடாது என்று நினைக்கும் நான் அதை அம்மாவிடம் குற்றமாகச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, “ரெண்டும் சரிதான், போ” என்றார். ஒன்றை அவரும் இழந்திருந்தார் என்பதை நான் புரிந்துகொள்ளச் சில நாள் ஆயிற்று.

என்னிடமும் அவர் கேட்டிருக்கிறார். வேறு யாரும் கேட்கவில்லை. அக்டோபர் மாதத்தில், பேருந்து முனைவரை அவரை வழியனுப்பப் போனபோது, “உனக்கு என்னா கேட்கணும்?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் நடையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது. அம்மா வயிற்றோடு பள்ளி வாசலுக்கு வந்துவிடுவாரோ என்று அஞ்சி, பெற்றோர் கூட்டத்துக் கடிதத்தைக் கிழித்து எறிந்தவள் நான். அந்தக் குழந்தை வராமலே இருந்தால் நல்லது என்று ஒருநாள் அல்ல, பல நாள் நினைத்திருக்கிறேன். அதைச் செம்மண் சாலையில் நின்று அவரிடம் சொன்னேன். “அதனாலதானா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார். ஒரு கணமும் தாமதிக்கவில்லை. “அதனால இல்ல. நீ நினைச்சதுல ஒண்ணும் ஆவல.”

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறு ஆண்டு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டு ஈப்போ பேருந்து நிலையத்துக்கு வந்தபோது அக்காவைப் பார்த்தேன். தூணுக்கு அப்பால் நீண்ட பலகையில், என் வயதைவிடச் சில ஆண்டுகளே மூத்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய குரல் கேட்டது.

“நெறைய முடி. நெத்தியில அப்படியே ஒட்டிக்கிட்டு. முகத்துல ஒண்ணுமே இல்ல தங்கச்சி, தூங்குற மாதிரி. புருவத்துக்கு நடுவுல மட்டும் ஒரு சுளிப்பு. நீ கோவிச்சுக்கிட்டா வருமே, அதே சுளிப்பு.”

ஒரு சொல் மாறவில்லை. ‘அப்படியே’ என்ற சொல்கூட அதே இடத்தில் நின்றது. நான் அவர் கண்ணில் படாமல் என் பேருந்தில் ஏறிக்கொண்டேன். எல்லாக் குழந்தைகளுக்கும் முடி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னை அலைக்கழித்தது முடி அல்ல, அந்த ‘இல்ல’. கேட்டவரை நிற்க வைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன பதிலா அது?

அன்று மாலை அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் எதையும் நேராகக் கேட்டுப் பழகியவள் அல்ல.

“அப்பா, தங்கச்சியைப் பத்தி அந்த அக்கா சொல்றதெல்லாம் நெசமா?”

அப்பா வாளியைக் கீழே வைத்தார். தம் ஈரக் கால்களைக் குனிந்து பார்த்தார்.

“குழிக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கலாம்னு பொட்டியத் திறந்தேன்” என்றார். “முடி இல்லம்மா. புருவத்துக்கு மேல தலையே இல்ல.” பிறகு, யாரோ மறுத்ததுபோல, அவசரமாகச் சொன்னார்: “கால் ரெண்டும் நல்லா இருந்துச்சு. ரொம்ப அழகா. ரெண்டாவது விரலு கட்டை விரலைவிட நீளம். உங்கம்மா கால் மாதிரியே.”

“அம்மாகிட்ட சொல்லலியா?”

“என்னான்னு சொல்றது? அவ நெனப்புல பிள்ளைக்கு முடி சீவி விட்டுக்கிட்டு இருக்கா. நான் வாயத் திறந்தா காலோட நிக்குமா?”

அப்பா ஏழு மாதமாக ஏன் எழுந்து எழுந்து வெளியே போனார் என்பது அப்போது விளங்கியது. அந்த அழகான கால்களை அவர் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தார். அம்மாவோ கல்மனசு என்று ஏசிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பிள்ளையை இழந்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றிப் பேச வழியில்லாமல் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

மறுநாள் பள்ளி விட்டதும் மருத்துவமனையின் பின்வாசலுக்குப் போனேன். இரண்டரை மணிக்கு வேலை முடிந்து அக்கா வெளியே வந்தார். என்னைக் கண்டதும், “பசியாறிட்டியா?” என்றார்.

“எங்க தங்கச்சியை நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன். நான்தான் துடைச்சு, துணி சுத்தினேன்.”

“அப்போ முடி இருந்துச்சுன்னு ஏன் சொன்னீங்க?”

குடையின் நுனியால் தரையைக் குத்தினார். “உங்கம்மா மொதல்ல கேட்டது முடியைத்தான். என்னால வேற எதைச் சொல்ல முடியும், நீயே சொல்லு? ஒரு தாய்க்குக் கண்ணுல வச்சுக்க ஒரு முகம் வேணும். அவங்க கேட்டாங்க, நான் குடுத்தேன். எல்லாருக்கும் அதையேதான் குடுக்கிறேன்.”

“அப்பா பொட்டியைத் திறந்து பார்த்திருக்காரு.”

குடை நின்றது.

“இல்ல. நான் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தேனே. சுத்திலும் ஒட்டினேன். ஆம்பளைங்க திறக்கமாட்டாங்க” என்றார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், “அவரு பார்த்தாரா?” என்றார்.

அவர் முகத்தை அதற்கு முன் நான் அப்படிக் கண்டதில்லை. அவர் போன வீடுகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்திருக்க வேண்டும் என்று இப்போது எண்ணுகிறேன். எல்லா வீடுகளிலும் ஒரு கணவன் இருந்திருப்பான். அவர் உள்ளே போனதும் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பான். அவர்கள் தாய்மாருக்கு இடம் விட்டு ஒதுங்கியவர்கள் என்றே அக்கா நினைத்திருந்தார். அவர்களில் எத்தனை பேர் பெட்டியைத் திறந்திருப்பார்கள்?

நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் கேள்வி எனக்குப் பெரிதாக இருந்தது. “எனக்குச் சொன்னதும் அப்படித்தானா? நான் நினைச்சதால ஆவலன்னு சொன்னீங்களே?”

“அது நெசம்மா. சத்தியமா நெசம்” என்றார். அதே வேகம், அதே உறுதி. பீடோர்ப் பேருந்தைக் காட்டியபோது இருந்த உறுதி. அவருடைய உண்மையையும் பொய்யையும் பிரித்தறிய என்னிடம் வழி இல்லை.

“நான் வந்து உங்கம்மாகிட்ட சொல்லிடட்டுமா? நான்தான் பொய் சொன்னேன்னு? இல்ல, அப்பாவைத் தனியா பார்த்துப் பேசட்டுமா? என்னா செய்யட்டும், நீ சொல்லு.” என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிறரிடம் ஒன்றைக் கேட்டு நின்றதை அன்றுதான் கண்டேன். அதுவும் பதினைந்து வயதை எட்டாத என்னிடம்.

“நீங்க எங்க வீட்டுக்கு வராதீங்க” என்றேன்.

அவர் கையை விட்டார். தலையை ஆட்டினார். வரவேயில்லை.

அதன் பிறகு பல செவ்வாய்க்கிழமைகளில் மூன்று மணிப் பேருந்தின் சத்தம் கேட்டால் அம்மா தண்ணீரைச் சூடாக்கி வைப்பார். “அக்காவுக்கு உடம்புக்கு என்னமோ, பாவம்” என்பார். நான் வராதீர்கள் என்று சொன்னதை இதுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. அக்கா கமுந்திங் பக்கம் மாற்றலாகிப் போனதாகப் பின்னர் ஒருவர் சொன்னார். அங்கும் வீடு வீடாகப் போகிறாரா, போனால் இப்போது யாரிடம் என்ன சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாது. இன்று பல்கலைக்கழகத்தில் ஒரு வரியின் பொருளை ஐந்து வகையாக ஆராயக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவர் செய்தது நன்மையா தீமையா என்பதை அத்தனை எளிதாக ஆராய முடியவில்லை. அவர் வராமல் இருந்திருந்தால் அம்மா பாயிலிருந்து எழுந்திருக்கமாட்டார். அவர் வந்ததால் அப்பா வெளியே போனார். இரண்டும் நடந்தன.

அவரைப் பின்வாசலில் விட்டுவந்த அடுத்த நாள் காலை, ஐந்தரை மணிக்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். அப்பா பெரட்டுக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தார். தோட்டத்தில் அந்த ஆள் கணக்கெடுப்பு ஆறு மணிக்கு. அம்மா அடுப்படியில் அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். இருவரும் கேட்கும்படி கேட்டேன்.

“அப்பா, தங்கச்சி கால் எப்படி இருந்துச்சு?”

அம்மா திரும்பினார். “அவரைப் போயா கேட்கிற? அவரு பொட்டியக்கூடத் தொறந்திருக்கமாட்டாரு.”

“தொறந்தேன்” என்றார் அப்பா.

அம்மாவின் கையிலிருந்த குவளை அசையாமல் நின்றது.

“ரெண்டாவது விரலு நீளம்” என்றார் அப்பா. “உன் கால் மாதிரி. கையில வச்சுப் பார்த்தேன். ரெண்டும் என் உள்ளங்கையில அடங்கிருச்சு.”

அம்மா குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தம் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, “வேற?” என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பெரட்டு மணி அடித்தது. அப்பா வரவில்லை. உள்ளே அம்மா அழுவது கேட்டது, பிறகு அப்பா அழுவதும் கேட்டது. நான் பள்ளிப் பேருந்துக்குப் போகாமல், பெரட்டுத் திடலுக்கு நடந்தேன். கங்காணி கைவிளக்கு வெளிச்சத்தில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா இன்னைக்கு வேலைக்கு வரமாட்டாரு” என்றேன்.

“ஏன், உடம்பு முடியலயா?”

“இல்ல. அம்மாகூடப் பேசிக்கிட்டு இருக்காரு.”

“பேசுறதுக்கெல்லாமா லீவு?”

“ஆமா” என்றேன். அவர் லீவு என்று எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.